மெற்றில்டாவின் வலது கை

அம்மாவின் வாயைக் கொஞ்சம் மூடித் தர முடியுமா என்று கேட்டு அயர்லாந்திலிருந்து பயஸ் அனுப்பியிருந்த குரல்செய்தியை டெல்னா இரண்டாம் முறை கேட்கவில்லை. ஒருமுறை கேட்டதற்கே குடித்த பாலில்லாத கட்டன்சாயா நெஞ்சுக்கு ஏறி வந்தது.

"மோளே டெல்னா, கொறச்சு வேலைகூட உண்டு கேட்டியா. அம்மைக்க வாய் லேசா தொறந்தாக்கும் இருக்கு. பாக்க ஒரு மாதிரி. அதை அடச்சுத் தா. பின்ன, எனக்க கண்ணுல கொஞ்சம் கண்ணீர் வைக்க முடியுமா? ரொம்ப வேண்டாம். ரெண்டு சொட்டு மதி."

ரெண்டு சொட்டாம்! குழம்புக்கு உப்புச் சொல்கிற கணக்கில் கண்ணீர் சொல்கிறான் மனுஷன். பெற்ற தாய் செத்ததற்குச் சொந்தமாக வரவில்லை, கூலி கொடுத்துச் செய்யச் சொல்கிறான். டெல்னா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கணினித் திரையைப் பார்த்தாள். திரையில் சவப்பெட்டிக்குள் அவன் அம்மா திரேசம்மா படுத்திருந்தாள், தலையில் பூமுடியும் விரல்களில் ஜெபமாலையுமாக. அந்த வாய் என்னமோ சொல்லவந்து நிறுத்தியது மாதிரித் திறந்துதான் இருந்தது. சொல்லியிருந்தால் மகனுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்பாள்.

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் படம் எடுக்காமல் ஓர் அடக்கம் கிடையாது. முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, பெட்டியை நடுவில் வைத்து, முதலில் பிள்ளைகள், பிறகு பேரப்பிள்ளைகள், பிறகு மருமக்கள், கடைசியில் அயல்வீட்டார் என்று வரிசையாக வந்து பெட்டியைச் சுற்றி நிற்பார்கள். எடுப்பவள் ஸ்டூலில் ஏறிநின்று, "இஞ்ச பாருங்க, எல்லாரும் இஞ்ச பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தவேண்டும். சிரிக்கச் சொல்லக்கூடாது. கல்யாணத்துக்கும் இதற்கும் அது ஒன்றுதான் வித்தியாசம். விமானம் கிடைக்காமல், லீவு கிடைக்காமல் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பிறகு படத்தில் ஒட்டிச் சேர்ப்பதும் வழக்கந்தான். கால்மாட்டில், ஓரமாக, மரியாதையாக ஒருவரை நிறுத்திவைப்பார்கள். ஊரில் யாரும் அதைக் குற்றமாகச் சொல்வதில்லை. வரமுடியாதவன் படத்திலாவது வந்தானே என்பார்கள்.

திரேசம்மாவின் அடக்கத்தைப் படமெடுக்க டெல்னாவுக்குக் கூலி பேசிய பயஸும் முதலில் அப்படித்தான் கேட்டான். கால்மாட்டில் ஓர் இடம். பாவம் என்றிருந்தது டெல்னாவுக்கு. அங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறானாம், யார் யாருடைய அம்மாக்களையோ தினமும் குளிப்பாட்டி விடுகிறானாம், சொந்த அம்மாவுக்கு வரமுடியவில்லையாம். முதல் குரல்செய்தியில் குரல் உடைந்துதான் போயிருந்தது. அதை இல்லையென்று சொல்லக்கூடாது.

அதற்குப் பிறகுதான் ஆசாமி நகர ஆரம்பித்தான். கால்மாடு போதாது, இடுப்புக்கு நேராக வரவேண்டும் என்றான். பிறகு, எதிர்ப்பக்கம் நிற்கிற மாமனுக்கும் தனக்கும் வழித்தகராறு உண்டு, அவரை எடுத்துவிடு என்றான். நாற்பது வருஷம் அக்காளுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்த தம்பி அவர். மவுசை இரண்டு இழுப்பு இழுத்ததும் அந்த மனுஷன் நின்ற இடத்தில் ஒரு வாழைமரம் நின்றது. டெல்னாவுக்குக் கை கூசியது. கூசினாலும் செய்தாள்.

செய்யாமல் என்ன பண்ணுவாள்? அமரவிளையில் மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, 'டெல்னா போட்டோஸ்' என்று பலகை மாட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு ஞானஸ்நானம், பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை ஒன்று, கடைக்காரர்களுக்கு நாலைந்து நோட்டீஸ், அவ்வளவுதான் தொழில். கடற்கரையில் வலை இழுக்கிற வீட்டில் பிறந்த பெண் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவதை அவள் அப்பன் இன்னும் விளையாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த பயஸ்தான் சொன்னான், இடவகைக் கோயில் திருநாளுக்குப் படமெடுக்கிற வேலையைக் கமிட்டிக்காரரிடம் பேசி வாங்கித் தருகிறேன் என்று. பத்து நாள் திருநாள், தேர், கொடியேற்றம். அது கிடைத்தால் பலகை நிலைக்கும். கிடைக்காவிட்டால் மருந்துக்கடைக்காரர் அந்த அறையில் மருந்துப்பெட்டி அடுக்கிக்கொள்வார்.

தொப்பி வைத்த ஒருவன் இலவசமாக நடத்திய ஆன்லைன் வகுப்பில் அவள் தொழில் நுணுக்கமெல்லாம் கேட்டிருந்தாள். முதல் வருஷம் வாடிக்கையாளரிடம் முடியாது என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. யார் கூலி தருகிறாரோ அவருக்கு மட்டும்தான் படம், மற்றவர் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதே. நாலு பேர் கூடும் இடத்தில் உன் வேலை தொங்கவேண்டும். அவன் சொன்னபோது எல்லாம் தேனாகத்தான் இருந்தது.

பாறசாலையில் ஃபிளெக்ஸ் அடிக்கிற சானுவிடம் அவள் புலம்பியபோது அவன் இங்க் கறை பிடித்த விரலால் காதைக் குடைந்துகொண்டே கேட்டான். அவளைவிட இரண்டு வயது மூத்தவன், அவள் படங்களை அச்சடித்துச் சட்டம் போட்டுத் தருகிறவன்.

"எத்தன திருத்தம் கூலியில அடக்கம்னு முன்னமே பறஞ்சியா பிள்ளே?"

"இல்ல."

"படத்துக்குக் குறுக்கே ஒனக்க பேரைப் போட்டு, மங்கலான சாம்பிள் அனுப்பினியா?"

"அதனுப்பினேன்."

"அதாவது செய்தியே. கேட்டுக்கோ, மூணு திருத்தம் வரைக்கும் சும்மா, நாலாவதுக்குத் தனின்னு மொதல்லயே பறயணும். அப்பம் அவன் ரெண்டோட நிறுத்துவான். பின்ன இன்னொண்ணும் உண்டு. எதெல்லாம் செய்யமாட்டேன்னும் மொதல்லயே பறஞ்சிரணும். பின்னால பறஞ்சா அது சண்டையாக்கும். நான் ஒருத்தனுக்குச் செத்துப்போன அப்பன் தலையில முடி வச்சுக் குடுத்தேன். மறுநாள் வந்து மீசையும் கேட்டான். இப்பம் எனக்க கடைக்கு வாற எல்லா அப்பனுக்கும் மீசை உண்டு."

சிரித்தான். டெல்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் காலையில் மெற்றில்டா மாடிப்படி ஏறி வந்தாள். பயஸின் அக்கா. திரேசம்மா பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து பக்கத்தில் இருந்தவள் இவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்குக் குளிக்க வெந்நீர் இறக்கும்போது அண்டா சரிந்து, வலது மணிக்கட்டிலிருந்து கட்டைவிரலின் அடிவரைக்கும் வெந்து, தோல் அப்படியே சுருங்கி வெளுத்துப்போயிருந்தது. பொழியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மக்கா, பெட்டிக்க பக்கத்துல எடுத்த அந்தப் படம் ஒண்ணு கிட்டுமா? சின்னது மதி. அம்மைக்ககூட நான் நிக்கிற படம் வேற இல்ல பாரு. கல்யாணம் கெட்டியிருந்தா அப்பம் எடுத்திருப்பாவ. அதும் இல்ல."

அவள் கேட்ட படம் எதென்று டெல்னாவுக்குத் தெரியும். வரிசை நிற்கத் தொடங்குவதற்குச் சற்று முன், திரேசம்மாவின் கடைவாயிலிருந்து ஏதோ கசிந்தது. மற்றவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார்கள். பேரன் ஒருவன் மூக்கைப் பொத்தினான். மெற்றில்டா மட்டும் குனிந்து, முந்தானை நுனியால், தூங்குகிற குழந்தைக்குத் துடைப்பது போல் அதைத் துடைத்தாள். டெல்னா அந்த நொடியில் அழுத்தியிருந்தாள். அவள் இதுவரை எடுத்த படங்களில் படம் என்று சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான்.

"உங்க தம்பிக்கிட்ட கேட்டுட்டுத் தாறேன் அக்கா" என்றாள் டெல்னா. சொன்ன நாக்கே கசந்தது.

"கேளு கேளு. அவன் இல்லன்னு பறயமாட்டான்" என்று சொல்லி, ஒரு பொட்டலம் நெத்தோலிக் கருவாட்டை மேசையில் வைத்துவிட்டு மெற்றில்டா இறங்கிப் போனாள்.

அவன் இல்லையென்றுதான் சொன்னான். படம் வேறு யார் கையிலும் போகவேண்டாம், பெரிதாக ஒன்று மட்டும் அடித்துச் சட்டம் போட்டு அம்மாவின் நாற்பத்தொன்றாம் நாள் நினைவுக்கு வீட்டு ஹாலில் மாட்டினால் போதும் என்றான். அத்தோடு விட்டானா? டெல்னா கேட்பதற்காக அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்ததும் அவனுக்கு வேறொன்று தோன்றியிருக்கிறது.

"அக்கா அம்மைய முழுசா மறைக்கிறா பாரு. சாரியும் பழசு. அவ நிக்கிற எடத்துல என்னைய வை மோளே. அம்மைக்க வாயைத் தொடைக்கிற மாதிரி. நல்லா இருக்கும். எல்லாருக்கும் ஒரு ஃபீல் வரும்."

ஃபீல் வருமாம். தூ! டெல்னா எழுந்துபோய் ஜன்னல் வழியாகத் துப்பினாள். கீழே மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, முடியாது என்று தட்டச்சினாள். தொப்பிக்காரன் ஞாபகம் வந்தது, தேர் ஞாபகம் வந்தது. தட்டியதை அழித்தாள். அழித்துவிட்டு, "கை நீட்டுன மாதிரி உங்க படம் ஒண்ணும் இல்லண்ணா. வலது கையைச் சும்மா நீட்டி ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்று எழுதினாள்.

ஏனென்றால் அவன் அனுப்பியிருந்தவை அப்படிப்பட்டவை. ஒன்றில் கறுப்புக் கண்ணாடியோடு காருக்கு முன்னால், கைகள் பாக்கெட்டில். ஒன்றில் யாருடைய கல்யாணத்திலோ கறுப்புக் கோட்டில், கைகட்டி. இன்னொன்றில் கையில் கிளாஸ். அந்தக் கிளாஸையும் எடுக்கவேண்டியிருந்தது.

மறுபடி குரல்செய்தி வந்தது. "டூட்டியில உண்டு மோளே. அதுக்கொண்ணும் நேரமில்ல. நீ எப்பிடியாவது செய்."

கையை நீட்ட நேரமில்லை! பெற்றவளை நோக்கி, வெறும் படத்துக்காக, ஒரு நிமிஷம் கையை நீட்ட அந்த மகனுக்கு நேரமில்லை. டெல்னாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலிலேயே வேலையை முடித்துத் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். மெற்றில்டாவின் தலையை எடுத்தாள், தோளை எடுத்தாள், பழைய சாரியை எடுத்தாள். இந்தப் படத்திலும் மாமனை வாழைமரமாக்கினாள். மெற்றில்டா நின்ற இடத்தில் கல்யாணக் கோட்டோடு பயஸைக் குனியவைத்தாள். கை மட்டும் மிச்சம். அவனிடம் கை இல்லை. படத்தில் ஒரு கை இருக்கிறது, சரியான இடத்தில், சரியான வெளிச்சத்தில், துடைத்துக்கொண்டு. அதைக் கோட்டின் கைக்குள் நுழைத்தாள். கண்ணாடி வளையலை அழித்தாள், நிறத்தை அவன் முகத்துக்கு ஏற்ப வெளுக்கவைத்தாள், முந்தானை நுனியைக் கைக்குட்டை ஆக்கினாள். மணிக்கட்டுத் தழும்பைக் கோட்டு மறைத்துவிட்டது. கட்டைவிரலின் அடியில் கொஞ்சம் தெரிந்தது. அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

"கை யாருக்கது? ஒட்டே தெரியேல்லியே!" என்று சானு அச்சடிக்கும்போது வியந்தான். அவளுக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அதிகம் குமட்டியது. திருத்தாத படத்தையும் சின்னதாக ஒன்று அடித்துக் கவரில் போட்டுக்கொண்டாள். எதற்கென்று சானு கேட்டான், அவள் பதில் சொல்லவில்லை.

நாற்பத்தொன்றாம் நாளுக்கு பயஸ் வந்துவிட்டான். அம்மாவின் அடக்கத்துக்குக் கிடைக்காத லீவு பிரியாணிக்குக் கிடைத்தது. கல்லறையில் ஜெபம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தபோது ஹால் சுவரில் அந்தப் பெரிய படம் மாலையோடு தொங்கியது. கீழே அதே கறுப்புக் கோட்டில் பயஸ் நின்றான். இந்த வெயிலில் கோட்டு! வருகிறவர்கள் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தார்கள். அன்று அவன் வரவில்லை என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. பெட்டியைச் சுற்றி நின்றவர்களே வந்து, "எப்பிடித் தொடைக்கியான் பாரு, மோன்னா இதாக்கும் மோன்" என்றார்கள். வாழைமரமாகிப்போன மாமன் மட்டும் படத்தில் தன்னைக் காணாமல் வாசலோடு திரும்பிவிட்டார். பயஸுக்குக் கண் நிறைந்திருந்தது. இப்போது நிஜமாகவே இரண்டு சொட்டு. அந்த மனுஷன் தன் படத்தைத் தானே நம்பிவிட்டிருந்தான்.

டெல்னாவால் அங்கே நிற்க முடியவில்லை. பின்புறம் போனாள். மெற்றில்டா கிணற்றடியில் குந்தியிருந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க கேட்ட படம் உண்டு" என்று கவரை நீட்டினாள்.

மெற்றில்டா நிமிர்ந்தாள். அழுத முகமில்லை. ஏதோ கெட்டுப்போனதை வாயில் வைத்துவிட்டவளின் முகம்.

"ஹால்ல பாத்தேன் மக்கா. தம்பி தூரத்துல கெடக்கான், ஆசை இருக்கும். அவனை அங்க நிறுத்தினது சரி. என்னைய எடுத்துக் களஞ்சதுகூடப் போகட்டும், நான் என்னத்துக்கு ஹால்ல? ஆனா கைய மட்டும் எதுக்கு விட்டே?"

டெல்னா நீட்டிய கவரைத் தாழ்த்தினாள்.

"அம்மைக்குப் பீமூத்திரம் எடுத்த கையாக்கும் இது. ஒருநாளும் எனக்கு இதைப் பாத்து அறப்பு அருவருப்பு வந்ததில்ல. இப்பம் வருது. அவனுக்க கோட்டுக்குள்ள கெடக்க பாத்தப்பம், எனக்க கையைப் பாக்க எனக்கே அறப்பா வருது." கையை நீரில் முக்கி, மறுபடி மறுபடி தேய்த்தாள். "படம் வேண்டாம். கொண்டு போ."

உள்ளேயிருந்து பயஸின் குரல் வந்தது. "அக்கா, கமிட்டிக்காரங்களுக்குக் காப்பி!"

மெற்றில்டா எழுந்து, கையைச் சாரியில் துடைத்துக்கொண்டு, தட்டில் தம்ளர்களை வைத்து எடுத்துப் போனாள். டெல்னா பின்னால் போனாள்.

திருநாள் கமிட்டித் தலைவர் வில்பிரட் படத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். "இந்தப் பிள்ளையாக்கும் செய்தது" என்று பயஸ் டெல்னாவைக் காட்டினான். மெற்றில்டா காப்பியை நீட்டினாள். தம்ளரைப் பிடித்த அவள் கை அவர் முகத்துக்கு நேரே வந்தது, அதற்குப் பின்னால் சுவரில் படத்தின் கை. கட்டைவிரலின் அடியில் தோல் சுருங்கிய தழும்பு இதிலும் இருந்தது, அதிலும் இருந்தது. வில்பிரட்டின் கண் தம்ளரிலிருந்து சுவருக்குப் போய்த் திரும்பியது. பார்த்துவிட்டார். இப்போது கேட்பார், ஊருக்குப் பெரியவர், அந்தக் கேள்வியை அவராவது கேட்டுவிடட்டும் என்று இருந்தது டெல்னாவுக்கு.

அவர் காப்பியை ஊதிக் குடித்தார். பிறகு டெல்னாவின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல வேலை மோளே. எனக்க அப்பன் கெடப்புல கெடந்தப்பம் நான் ஷார்ஜாவில. தம்பியாக்கும் பாத்தது. அவன் அப்பனுக்குக் கஞ்சி குடுக்கிற ஒரு படம் உண்டு. அதையும் இதுபோல ஒண்ணு சரியாக்கித் தரணும். திருநாள் வேலை ஒனக்குத்தான்."

சரியாக்கித் தரணுமாம். பார்த்தும், புரிந்தும், அந்தக் கை தந்த காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்கிறார்.

"முடியாது" என்றாள் டெல்னா.

"என்னது?" என்றான் பயஸ்.

"முடியாதுண்ணா. அது உங்க கை இல்ல. மெற்றில்டாக்காளுக்க கை. நானாக்கும் வெட்டி ஒட்டுனது. செஞ்சிருக்கக்கூடாது, செஞ்சுட்டேன். இனி யாருக்கும் செய்யமாட்டேன்."

வில்பிரட் தம்ளரைத் தட்டில் வைத்துவிட்டுச் சட்டைக்காலரைச் சரிசெய்தார், வாசலைப் பார்த்து நடந்தார். தேர் போயிற்று, கொடியேற்றம் போயிற்று.

"கூலி வாங்குனியே?" என்றான் பயஸ். அவன் முகத்தில் ரத்தமில்லை. கோட்டின் கைகள் இரண்டையும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"வாங்குனேன்" என்றாள் டெல்னா.

படம் சுவரிலேயே இருந்தது. யாரும் அதைக் கழற்றவில்லை, யாரும் இப்போது அதைப் பார்க்கவும் இல்லை. டெல்னா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். முற்றம் தாண்டும்போது பின்னால் தட்டை வைக்கிற சத்தம் கேட்டது.

"மக்கா, நில்லு."

மெற்றில்டா கை ஈரத்தைச் சாரியில் நன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கவரைத் தா" என்று வலது கையை நீட்டினாள்.